புலுனியும் கரிச்சானும்: மலைக்காட்டில் கலப்புப் பறவைக் கூட்டங்களை அவதானித்தல்

சிங்கராஜ வனத்துக்குப் போய்வந்த நம்மவர் பலரிடமிருந்து ஒரே முறைப்பாடுதான் வரும். "ரெண்டு மணித்தியாலம் நடந்தம், ஒரு குருவியையும் காணல்ல. அட்டை கடிச்சதுதான் மிச்சம்." அவர்கள் சொல்வதில் பொய்யில்லை. அதே நாளில் அதே பாதையால் போன இன்னொருவர், பத்து நிமிடத்துக்குள் பன்னிரண்டு இனம் பார்த்ததாகச் சொல்வார். அதிலும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காட்டின் பறவைகளில் பெரும் பங்கு, மரத்துக்கு ஒன்று கிளைக்கு ஒன்று என்று பரவிக் கிடப்பதில்லை. பல இனங்கள் ஒன்று சேர்ந்து ஒரு கூட்டமாக நகர்கின்றன. கூட்டம் வந்தால் காடு முழுவதும் உயிர் பெற்றது போலிருக்கும். அது கடந்து போனதும் மழை ஓய்ந்த மாதிரி அமைதியாகிவிடும்.

இதைத்தான் கலப்பினப் பறவைக் கூட்டம் என்கிறோம். சொல்லைச் சற்றுக் கவனமாகப் பாவிக்க வேண்டும். ஓர் அத்திமரம் பழுத்திருக்கும்போது பச்சைப்புறா, குக்குறுவான், மைனா எல்லாம் அங்கே கூடும். அது கூட்டம் அல்ல, சந்தை. சந்தைக்கு வந்தவர்கள் சாமான் வாங்கியதும் தத்தமது வழியில் போய்விடுவார்கள். கலப்புக் கூட்டத்தின் அடையாளம் சேர்ந்து இருப்பதல்ல, சேர்ந்து நகர்வது. ஒரு மரத்தை விட்டு அடுத்த மரத்துக்கு, அங்கிருந்து பள்ளத்துக்கு, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு என்று ஒன்றை ஒன்று பின்தொடர்ந்து போவதுதான் அதன் இலட்சணம். ஆகவே ஆய்வாளன் முதலில் கேட்கும் கேள்வி "என்னென்ன பறவை நிற்கிறது?" என்பதல்ல, "இது எழும்பிப் போனால் எது கூடவே போகிறது?" என்பதுதான்.

இந்த விடயம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. ஆங்கிலேய இயற்கையியலாளர் ஹென்றி வோல்ட்டர் பேட்ஸ் அமேசன் காட்டில் பதினொரு வருடங்கள் கழித்துவிட்டு 1863 இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட கூட்டங்களை விவரித்தார். அதற்கு அங்குள்ள பழங்குடி மக்கள் வைத்திருந்த விளக்கத்தையும் எழுதினார். சாம்பல் நிறச் சின்னக் குருவியொன்று மற்றப் பறவைகளை மயக்கி, பற்றைகளுக்குள்ளால் ஆட்டிக்கொண்டு போகிறதாம். கதைதான். ஆனால் அதற்குள் இரண்டு நல்ல அவதானிப்புகள் ஒளிந்திருக்கின்றன: கூட்டத்தில் எல்லாரும் சமமல்ல; நடுவே நிற்பது பெரும்பாலும் கண்ணைப் பறிக்காத, மங்கல் நிறப் பறவை. இந்தியாவின் பறவையியல் முன்னோடி சாலிம் அலியும் தம் நூல்களில் பூச்சியுண்ணும் பறவைகளின் கலப்பு வேட்டைக் குழுக்கள் பற்றித் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டிருக்கிறார். 1962 இல் மார்ட்டின் மொய்னிஹான் பனாமாவின் கூட்டங்களை ஆராய்ந்து, எந்த இனம் கூட்டத்தைக் கட்டிவைக்கிறது, எந்த இனம் பின்னால் ஒட்டிக்கொள்கிறது என்று பிரித்துப் பார்க்கும் முறையை நிலைநிறுத்தினார். மைய இனம், தொடரும் இனம் என்ற பாகுபாடு அதிலிருந்துதான் பரவியது.

நமது நாட்டைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் வீடு சிங்கராஜ. இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்கள் சந்திக்கும் இடத்தில், ஏறத்தாழ 300 மீற்றரிலிருந்து 1170 மீற்றர் வரை உயரும் மலைத்தொடர்க் காடு அது. 1970களில் பலகை ஆலைக்காக அங்கே இயந்திரங்களைக் கொண்டு மரம் வெட்டினார்கள். எதிர்ப்புக் கிளம்பி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெட்டு நிறுத்தப்பட்டது. 1978 இல் உயிர்க்கோள ஒதுக்கமாகவும் 1988 இல் உலக மரபுரிமையாகவும் ஆனது. மரம் ஏற்றும் லொறிகளுக்காக வெட்டிய பாதைதான் பின்னர் பறவை ஆய்வுக்கு வசதியான ஜன்னலாயிற்று. அடர்ந்த காட்டுக்குள் இருந்து பார்த்தால் கூட்டத்தின் ஒரு மூலைதான் தெரியும். பாதையை அது குறுக்கறுத்துப் பறக்கும்போது ஒவ்வொன்றாக எண்ணலாம். யார் முன்னே, யார் பின்னே என்பதும் அப்போதுதான் வெளிக்கும்.

1980களின் தொடக்கத்திலிருந்து பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவரோடு சேர்ந்தவர்களும் இங்கே கூட்டங்களைப் பதிவு செய்தார்கள். பிற்பாடு ஈபன் குடேல் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவரோடு இணைந்தார். இருவரும் 2004 இல் வெளியிட்ட தொகுப்பின்படி, சிங்கராஜவின் ஒரு கூட்டத்தில் சராசரியாக 40 பறவைகளுக்குச் சற்று மேல், 11 அல்லது 12 இனங்கள். உலகத்தில் இதுவரை ஆராயப்பட்ட கலப்புக் கூட்டங்களில் பெரியவை என்று சொல்லத்தக்க வரிசையில் இவை வருகின்றன.

கூட்டத்தின் நடுவில் இருப்பவர் யார்? நம் வீட்டு முற்றத்துப் புலுனியின் காட்டுச் சொந்தக்காரர். கபில நிற உடம்பு, செம்மஞ்சள் சொண்டு, செம்மஞ்சள் கால். இலங்கைக்கே உரிய இனம். செஞ்சொண்டுப் புலுனி என்று வைத்துக்கொள்வோம். பத்து, பதினைந்து, சில வேளை இருபதுக்கும் மேல் சேர்ந்து திரியும். ஓயாத கீச்சல். பாதையில் நடக்கும்போது முதலில் காதில் விழுவது அதுதான். இலைக்குள்ளும் காய்ந்த சருகுச் சுருளுக்குள்ளும் சொண்டை விட்டுப் பிரட்டிப் பூச்சி தேடும். ஒரு வீட்டுப் பெண்கள் கலியாண வீட்டுக் குசினியில் கூடிக் கதைத்துக்கொண்டே வேலை செய்கிற மாதிரி, வாயும் ஓயாது, கையும் ஓயாது.

இரண்டாமவர் கரிச்சான். வயலிலும் மின்கம்பியிலும் நாம் பார்க்கும் வெள்ளை வயிற்றுக் கரிச்சான் அல்ல. நெற்றியில் கொண்டையும் ஆழமாகப் பிளந்த வாலும் கொண்ட, பளபளக்கும் கறுப்பு உடம்புக்காரர், ஈரவலயக் காட்டுக்குரியவர். உலர்வலயத்தில் இருக்கும் இவரது சொந்தக்காரருக்கு வாலின் நுனியில் துடுப்புப் போன்ற இறகு தொங்கும். இவருக்கு அது இல்லை. இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா என்ற வழக்கு அறிஞர்களிடையே நீண்ட காலம் நடந்தது. பொதுவாக ஒரு கூட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ தான் இருக்கும். ஆனால் பெரும்பாலான கூட்டங்களில் கட்டாயம் இருக்கும்.

மற்றவர்கள் வந்து போகிறவர்கள். மேல்தட்டில் சிவப்பு மின்சிட்டுகள். மரத்தண்டில் மரங்கொத்தி. அதே தண்டில் தலைகீழாக இறங்கும் நீலநிறச் சின்னக் குருவி ஒன்று. நடுத்தட்டில் ஈப்பிடிப்பான், தீக்காக்கை. வாய்த்தால் செம்முகப் பூங்குயில். சிங்களத்தில் கெஹிபெல்லா என்று சொல்லும் நீல அழகரும் சில வேளை வருவார். கீழ்த்தட்டில் சாம்பல் தலைச் சிலம்பன்கள் சருகு கிளறும். அணில்களும் கூடவே போவதுண்டு. நிலத்தில் காட்டுக்கோழியும் இந்தச் சத்தத்தின் ஓரத்தில் மேயும். இலங்கைக்கே உரிய பறவைகளைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடி அலையாமல் ஒரு கூட்டத்துக்குக் காத்திருப்பது அதனால்தான்.

இனி, ஏன் சேர்கின்றன? இரண்டு பதில்கள் உண்டு: வயிறு, உயிர்.

வயிற்றுக் கணக்கு இலேசாக விளங்கும். புலுனிகள் இலையைக் கலைத்துக்கொண்டு போகும்போது தப்பிப் பறக்கும் தத்துவெட்டி, அந்து எல்லாவற்றையும் அவற்றால் பிடிக்க முடியாது. கரிச்சான் பக்கத்துக் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பூச்சி எழும்பியதும் ஒரு பாய்ச்சல். பிடித்துக்கொண்டு பழைய கிளைக்கே திரும்பும். தீக்காக்கையும் அதே வழிதான். வயல் உழும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் கொக்கு நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உயிர்க் கணக்கு கொஞ்சம் நுட்பமானது. இலைக்குள் தலையை விட்டுத் தேடும் பறவைக்கு வல்லூறு வருவது தெரியாது. பல கண்கள் இருந்தால் ஒன்றாவது காணும். அதிலும், திறந்த கிளையில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் கூட இருந்தால் அது பெரிய வரம். கரிச்சான் அந்தக் காவல்காரர். கொட்டகமவும் குடேலும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில் எச்சரிக்கைக் குரல்களை ஒப்பிட்டார்கள். புலுனி அடிக்கடி எச்சரிக்கும், ஆனால் ஆபத்தில்லாத விடயத்துக்கும் கத்திவிடும். கரிச்சானின் குரலை நம்பலாம். அது கத்தினால் பெரும்பாலும் காரணம் இருக்கும். ஒருவர் எண்ணிக்கையால் காவல், மற்றவர் கூர்மையால் காவல். மூன்று வருடங்களுக்குப் பிறகு வந்த இன்னொரு ஆய்வு, இந்தப் பறவைகள் தம் இனத்தின் எச்சரிக்கைக்கு மட்டுமல்லாமல் பிற இனங்களின் எச்சரிக்கைக்கும் செவிசாய்க்கின்றன என்று ஒலிப்பதிவை ஒலிக்கவிட்டுக் காட்டியது.

கரிச்சானிடம் இன்னொரு வித்தை இருக்கிறது. அது பிறர் குரலில் பேசும். இது ஊர்க்காரர் எல்லாருக்கும் தெரிந்த விடயம். பூனை மாதிரிக் கத்தும், பருந்து மாதிரிக் கத்தும் என்பார்கள். ஆய்வாளர்கள் கேட்ட கேள்வி, அது வாய்க்கு வந்தபடி பேசுகிறதா, இடம் பார்த்துப் பேசுகிறதா என்பது. 2006 இல் வந்த விடை: இடம் பார்த்துத்தான். ஆபத்து நேரத்தில் அது வேட்டைப் பறவைகளின் குரலையும் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரலையும் எடுக்கிறது. ஆபத்தில்லாத நேரத்தில் மற்றப் பறவைகளின் பாட்டையும் சாதாரண அழைப்பையும் எடுக்கிறது. அதே ஆண்டில் வெளியான இன்னொரு பரிசோதனையில், பிறர் குரல் கலந்த கரிச்சான் ஒலிப்பதிவையும் கலக்காத ஒலிப்பதிவையும் காட்டில் ஒலிக்கவிட்டார்கள். கலந்ததுக்கே கூடுதலான பறவைகள் வந்தன. அதாவது, கூட்டம் இல்லாத நேரத்தில் கூட்டத்தை அழைக்க அது பிறர் மொழியைப் பாவிக்கக்கூடும். ஒரே ஊரில் தமிழும் சிங்களமும் பேசி வியாபாரம் செய்கிற நம் கடைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படியானால் இந்தக் காவல்காரர் பொய் சொல்லமாட்டாரா? சொல்கிற சொந்தங்கள் உலகத்தில் இருக்கின்றன. பெரு நாட்டின் அமேசன் காட்டில் சார்ள்ஸ் மன் என்பவர் 1986 இல் எழுதியது பிரபலமான ஆய்வு. அங்கே கூட்டத்துக்குக் காவல் நிற்கும் இரண்டு இனங்கள், மற்றப் பறவை நல்லதொரு பூச்சியை எழுப்பியதும் இல்லாத வல்லூறுக்கு எச்சரிக்கை கொடுக்கின்றன. மற்றது ஒரு கணம் திகைக்கும். அந்தக் கணத்தில் பூச்சி காவல்காரருக்கு. ஆபிரிக்காவின் கலஹாரியில் பிளவுவால் கரிச்சானும் இப்படித்தான். ஒரே பொய் பலமுறை சொன்னால் எடுபடாது என்பதால் குரலை மாற்றி மாற்றிச் சொல்கிறது என்று டொம் ஃபுளவர் குழுவினர் 2014 இல் காட்டினார்கள். ஆனாலும் இந்த ஏமாற்று ஓர் எல்லைக்குள்தான் நடக்கும். உண்மையான எச்சரிக்கைகள் நிறைய இருந்தால்தான் பொய்க்கு விலை உண்டு. கேட்பவர்கள் ஒரேயடியாகக் காதை மூடிக்கொண்டால் பொய் சொன்னவருக்கும் நட்டம்தான்.

இதிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கிறது. கரிச்சானுக்கும் தீக்காக்கைக்கும் இலாபம் தெளிவு. புலுனிக்கு என்ன கிடைக்கிறது? ஹரி ஸ்ரீதர், கை போஷாம், கார்த்திக் ஷங்கர் மூவரும் உலகெங்குமுள்ள ஆய்வுகளைத் திரட்டி 2009 இல் ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். கூட்டத்தில் சேரும்போது தொடரும் இனங்கள் கூடுதலாக இரை எடுக்கின்றன, சுற்றிப் பார்ப்பதில் குறைவாக நேரம் செலவிடுகின்றன. தலைமை இனங்களில் அப்படியொரு தெளிவான மாற்றம் இல்லை. என் அபிப்பிராயத்தில் இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை. புலுனி கூட்டத்தை உண்டாக்குவதற்காகத் திரிவதில்லை. அது தன் குடும்பத்தோடுதான் திரிகிறது. மூத்த பிள்ளைகள் தாய் தகப்பனுடன் தங்கி, தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும் வழக்கம் புலுனி வர்க்கத்தில் பரவலானது. அந்தக் குடும்பம் ஏற்கெனவே இருக்கிறது, ஏற்கெனவே சத்தம் போடுகிறது. மற்றவர்கள் அந்தச் சத்தத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறார்கள். கரிச்சானின் காவல் அதற்கு மேலதிகமாகக் கிடைப்பது. அதற்குக் கூலியாகச் சில பூச்சிகளைப் பறிகொடுக்கவும் நேரும்.

அதனால்தான் "தலைவர்" என்ற சொல்லை இங்கே பாவிக்க எனக்குத் தயக்கம். ஃபரீதுத்தீன் அத்தாரின் பாரசீகக் காவியத்தில் உலகத்துப் பறவைகள் எல்லாம் கூடி ஹுத்ஹுதை வழிகாட்டியாக ஏற்றுப் பயணம் போகின்றன. நம் காட்டில் யாரும் யாரையும் தெரிவு செய்யவில்லை. புலுனி தன் பாட்டில் முன்னே போகிறது. கரிச்சான் பின்னால் இருந்து குரலால் கட்டுகிறது. இரண்டில் எது வழிநடத்துகிறது என்று கேட்டால், இரண்டின் அழைப்பொலிக்கும் மற்றப் பறவைகள் வருகின்றன என்பதே பரிசோதனையில் கிடைத்த பதில்.

சிங்கராஜவை விட்டு மேலே ஏறினால் காட்சி மாறும். ஹக்கல, பீதுருதலாகலை, 2100 மீற்றருக்கு மேலான ஹோர்ட்டன் சமவெளி. மரங்கள் குட்டை; கிளைகள் முறுகிப் பாசி மூடியிருக்கும்; பகலிலும் முகில் நுழையும். கொண்டைக் கரிச்சானை அங்கே எதிர்பார்க்க முடியாது. அந்த உயரத்தில் கூட்டத்தின் கருவாகப் பெரும்பாலும் இருப்பது இலங்கை வெள்ளைக்கண்ணி. கைப்பெருவிரல் அளவுதான் இருக்கும். ஒலிவ் பச்சை முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அவற்றோடு சாம்பல் தலையும் மஞ்சள் வயிறும் கொண்ட ஈப்பிடிப்பான், பட்டாணிக்குருவி, மஞ்சள்காதுப் புல்புல், தண்டில் இறங்கும் அதே நீலக்குருவி. ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கிலிருந்து வலசை வரும் இலைக் கதிர்க்குருவிகளும் இதில் நுழைந்துகொள்ளும். இமயத்திலிருந்து வந்த ஒரு குருவி, இங்கு மட்டுமே வாழும் ஒரு குருவியின் பின்னால் இலை இலையாகப் போவதைப் பார்க்கலாம். கூட்டம் சிறியது, சத்தம் மெல்லியது. முகிலுக்குள் காதைக் கூர்மையாக்கினால்தான் பிடிபடும்.

காடு மெலிந்தால் என்ன நடக்கும் என்பது வெறும் அறிவுப் பசிக்கான கேள்வியல்ல. மத்திய மலைநாட்டின் காட்டில் பெரும் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போய்விட்டது. மிஞ்சியவை மலை உச்சிகளிலும் ஓடைக்கரைகளிலும் துண்டு துண்டாக நிற்கின்றன. ஒரு புலுனிக் குடும்பம் நாள் முழுவதும் சுற்றித் திரிய இடம் வேண்டும். துண்டு சிறுத்தால் அந்தக் குடும்பம் முதலில் போகும். அது போனால், அதன் சத்தத்தை நம்பித் திரிந்த தீக்காக்கையும் பூங்குயிலும் அவற்றுக்கான மரம் நின்றாலும் தடுமாறும். மரத்தை எண்ணினால் இந்த இழப்பு தெரியாது. சிவப்புப் பட்டியலில் ஓர் இனத்துக்கு ஒரு வரி ஒதுக்குகிறோம். இரண்டு இனங்களுக்கு இடையிலான உறவுக்கு அங்கே வரி இல்லை. காட்டோரத் தேயிலைக்குள் நிழல் மரங்களும், வீட்டுத்தோட்டத்தில் பலாவும் கித்துளும் கலந்து நின்றால் கூட்டத்தின் சிலராவது காட்டை விட்டு வெளியே வருவார்கள். வெறும் தேயிலைப் பரப்பில் வரமாட்டார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நடப்பதைக் குறையுங்கள். விடிந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் பாதை வளையும் ஓரிடத்தில் நில்லுங்கள். காலுறைக்கு மேல் அட்டைக் காலுறை போட்டால் நிற்பது கஷ்டமில்லை. கீச்சல் கேட்டதும் அதை நோக்கி ஓடாதீர்கள்; அது போகும் திசையைக் கணித்து முன்னால் போய் நில்லுங்கள். கூட்டம் வந்ததும் அழகான பறவையிலேயே கண் ஒட்டிக்கொள்ளும். கெஹிபெல்லாவைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐந்து நிமிடத்தில் மற்றப் பதினொரு இனமும் கடந்து போய்விடும். கொப்பியில் மூன்று விடயம் போதும்: பாதையைக் கடந்த ஒழுங்கு, ஒவ்வொன்றும் நின்ற உயரம், எச்சரிக்கைக் குரல் எழுந்தால் முதலில் எழுப்பியது யார். மேல்தட்டுப் பறவைகள் எப்போதும் குறைவாகவே எண்ணப்படும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து நோவதும் ஒரு காரணம்.

கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. இந்தக் காட்டில் அது மற்ற இடங்களை விடக் கூடாத வேலை. ஒரு கரிச்சான் குரலைப் போட்டால் நீங்கள் கூப்பிடுவது ஒரு பறவையை அல்ல. காவலை நம்பி இரை தேடும் முழுக் கூட்டமும், இல்லாத காவல்காரரை நோக்கித் திரும்பும்.

மலைக்குப் போக வசதியில்லாதவர்கள் முற்றத்திலேயே தொடங்கலாம். மாத்தளையிலோ மாவனல்லையிலோ ஒரு தோட்டத்தில் புலுனிகள் ஏழெட்டு இறங்கிச் சருகு கிளறும்போது பத்து நிமிடம் சும்மா பாருங்கள். வெள்ளை வயிற்றுக் கரிச்சான் ஒன்று வேலிக் கம்பியில் வந்து உட்காரும். அணில் பக்கத்தில் இறங்கும். புலுனிகள் அடுத்த வளவுக்குப் போனதும் கரிச்சான் எத்தனை நிமிடத்தில் எழும்புகிறது என்று மணிக்கூட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.